பார்வையிட்டாகிவிட்டதாம், இனி அச்சமில்லையாம்

பாலத்தின் நிலை பற்றி அதிகாரிகள் தந்த அந்த ஒற்றை வரி விளக்கத்தை நீங்களும் படித்திருப்பீர்கள்: பாலம் நேரில் பார்வையிடப்பட்டது, அச்சப்பட ஒன்றுமில்லை. என்ன சோதனை செய்தீர்கள், இப்போது அது எவ்வளவு சுமை தாங்கும் என்று கேட்ட பாவத்திற்காக எனக்குப் ‘பீதி கிளப்புபவர்’ என்ற பட்டம் சூட்டப்பட்டிருக்கிறது.

பார்வையிடுவது ஆய்வின் தொடக்கம் மட்டுமே. கான்கிரீட்டுக்குள் உப்பும் ஈரமும் இறங்கிக் கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு பருத்து மேற்பூச்சைப் பிளந்துகொண்டு நம் கண்ணுக்குத் தெரிவதற்குள், உள்ளே கம்பி பாதி மெலிந்திருக்கக்கூடும். 2018இல் இத்தாலியின் ஜெனோவாவில் இடிந்து விழுந்து 43 பேரைப் பலிகொண்ட மொராண்டி பாலத்தைத் தாங்கிய இழுகம்பிகள் கான்கிரீட் உறைக்குள் இருந்தன. அந்த உறையை எத்தனை முறை பார்வையிட்டாலும் கம்பியின் நிலை தெரிந்திருக்காது.

பழைய பாலம் ஒன்றின் அடியில் மூத்த பொறியாளர் ஒருவருடன் நின்றிருக்கிறேன். புதுப்பூச்சுடன் பளிச்சென்றிருந்த உத்தரத்தை அவர் சுத்தியலால் தட்டினார்; சில இடங்களில் கணீரென்ற ஒலி, சில இடங்களில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொள்ளலான ஒலி. பூச்சைப் பெயர்த்தபோது செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. அதை விரிவாக எழுதிக் கொடுத்தோம். மறு ஆண்டு அறிக்கையில் எங்கள் வாக்கியங்களே எழுத்து மாறாமல் இருந்தன, தேதி மட்டும் புதியது.

‘நூற்றாண்டு கண்ட பாலங்கள் நிற்கவில்லையா?’ என்கிறார்கள். நிற்கின்றன, அவற்றில் பல கல் வளைவுகள், துருப்பிடிக்க உள்ளே கம்பியே கிடையாது. எல்லாப் பாலத்திலும் எடை ஏற்றிப் பார்க்கும் சுமைச் சோதனை நடத்தச் செலவாகும் என்பது உண்மைதான், விட்டுவிடுவோம். ஆனால் வடிகாலில் அடைத்த குப்பையை அள்ளுவதற்குமா நிதி இல்லை? 2022இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சரிந்த ஃபெர்ன் ஹாலோ பாலத்தில், அடைப்பால் தேங்கிய நீரும் குப்பையும் எஃகுக் கால்களை அரித்துக்கொண்டிருப்பதை ஆய்வறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. சொன்னதைச் செய்ய ஆளில்லை.

ஆக, உள்ளே பாராமல் விட்ட பாலமும் விழுகிறது, பார்த்து எழுதிவைத்த பாலமும் விழுகிறது. இரண்டுக்கும் நடுவே நின்று கேள்வி கேட்பவன்தான் உங்களுக்குத் தொந்தரவாகத் தெரிகிறான். எனக்கு விளம்பரம் வேண்டுமாம்! விளம்பரம் தேடுபவன் விரிசலின் அகலத்தை அளந்துகொண்டு பாலத்தடியில் சேற்றில் நிற்பானா? பட்டத்தை வைத்துக்கொள்கிறேன். அச்சமில்லை என்று கையெழுத்திட்டவர்கள், எதை அளந்த பிறகு அப்படிச் சொன்னார்கள் என்பதை மட்டும் இங்கேயே எழுதட்டும்.