டிகிரி எல்லோருக்கும் கட்டாயமில்லை

"இங்கிலாந்தில் உள்ளாட்சிகளும் வீட்டுவசதி அமைப்புகளும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடுகளைப் பராமரிக்கும் ஊழியர் எல்லோரும் இனி டிகிரி முடித்தாக வேண்டும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அது தப்பு. 72 உயிர்களைப் பறித்த 2017 லண்டன் கிரென்ஃபெல் சமூக வீட்டு அடுக்குமாடித் தீவிபத்துக்கு அப்புறம், 2023இல் வந்த சட்டம் தகுதிப் படிப்பு கேட்பது மூத்த மேலாளர்களிடமும் நிர்வாகிகளிடமும் மட்டும்தான்; மேலாளர்களுக்கு அது 4ஆம் நிலைப் படிப்பு, அங்கே டிகிரி என்பது 6ஆம் நிலை. வாசலில் நின்று புகார் கேட்கும் ஊழியருக்கு வேலையும் தெரிய வேண்டும், குடியிருப்பவரை மரியாதையாக நடத்தவும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், அக்கம்பக்கத் தொல்லையெல்லாம் போலீஸ் பாடு என்கிறீர்களே? 2024 ஏப்ரலில் அமலான விதிகளின்படி, போலீஸ், உள்ளாட்சி இரண்டோடும் சேர்ந்து அதைத் தடுப்பதும் தீர்ப்பதும் வீட்டை வாடகைக்கு விடும் அமைப்பின் கடமை.