ஃபோர் கே காடு

(பட்டப்பகல். வரவேற்பறையில் கனமான திரை இழுத்து மூடிய ஜன்னல், மேலே எரியும் டியூப் லைட். டிவியில் மழைக்காடு ஓடுகிறது.)

அக்கா: ஏன்டா, மணி 11. லைட் போட்டுக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாய்?

தம்பி: உஷ்! இயற்கையோடு இருக்கிறேன் அக்கா. மனசு லேசாகுமாம்.

அக்கா: இயற்கை எங்கே?

தம்பி: டிவியில். ஃபோர் கே! குருவிச் சத்தம் தனியாக ஸ்பீக்கரில் வருகிறது, கேள்.

அக்கா: ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு குருவி கத்துகிறதே?

தம்பி: ஒரே தொந்தரவு. அதனால்தான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அக்கா: திரையையாவது விலக்கேன்.

தம்பி: ஐயோ, டிவியில் வெயில் பட்டால் காடு தெரியாது!

அக்கா: போனில் வெளிச்சம் அளக்கிற ஆப் இருக்கும், போடு. சோபாவில் எவ்வளவு காட்டுகிறது?

தம்பி: 80 லக்ஸ். பாஸ்தானே?

அக்கா: வெளியே மேகம் மூடியிருந்தாலே ஆயிரக்கணக்கில் இருக்கும். உச்சி வெயிலில் 1 லட்சம். கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் நமக்கு உறைப்பதில்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதே, அதற்குப் பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் விடிந்ததே தெரியும். ராத்திரி தூக்கம் வருகிறதா?

தம்பி: வருகிறது. 2 மணிக்கு.

அக்கா: பாவம், இந்த இருட்டில் வீட்டைக் கண்டுபிடிக்கவே அதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது.

தம்பி: செடியும் வாங்கியிருக்கிறேனே! காற்றைச் சுத்தம் செய்யுமாம். நாசாவே 1989-இல் சொல்லியிருக்கிறது.

அக்கா: அது மூடிய பெட்டிக்குள் செய்த சோதனை. சாதாரண வீட்டில் வந்து போகிற காற்று செய்கிற வேலையைச் செடி செய்யவேண்டுமென்றால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

தம்பி: ஆயிரமா! அப்புறம் நான் எங்கே நிற்பது?

அக்கா: அதைச் செடிகள் கூடிப் பேசி முடிவு செய்யும். பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கிறதா, அதற்காக வை, போதும். சரி, செடி எங்கே?

தம்பி: பாத்ரூமில். குறைந்த வெளிச்சமே போதும் என்றார் கடைக்காரர்.

அக்கா: குறைந்த வெளிச்சம் என்றார், வெளிச்சமே வேண்டாம் என்றா சொன்னார்? உன் பாத்ரூமில் ஜன்னலே கிடையாதே!

தம்பி: அந்தக் குறை தெரியாமல் இருக்கத்தான் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன்.

அக்கா: (எட்டிப் பார்த்து) இலை மஞ்சள், அடித்தண்டு கொழகொழ. வேர் அழுகிவிட்டது. வெளிச்சம் இல்லாவிட்டால் செடி எங்கிருந்து அவ்வளவு தண்ணீரைக் குடிக்கும்? ஜன்னலோரம் வைத்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும், உனக்கும் கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது கிடைத்திருக்கும். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஒரு ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது.

தம்பி: என் ஜன்னலில் தெரிவதும் பக்கத்து வீட்டுச் சுவர்தான். எனக்கு எப்போது டிஸ்சார்ஜ்?

அக்கா: சுவருக்கு மேலே வானம் இருக்குமே, அதைப் பார். சோபாவை ஜன்னல் பக்கம் தள்ளு. நாலு எட்டு உள்ளே வந்தாலே வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். டிவியை ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்று, வெயில் அதன்மேல் அடிக்காது. தள்ளு, தள்ளு!

(திரையை விலக்குகிறாள். வெயில் சோபாவில் வந்து விழுகிறது.)

தம்பி: அக்கா! இந்த சோபா பச்சையா? சாம்பல் நிறம் என்று நினைத்துப் பொருத்தமாகக் குஷன் கவர் எல்லாம் வாங்கினேனே!

அக்கா: அது நிறமில்லைடா, தூசி.

தம்பி: காலையில்கூட வீடு சுத்தமாகத்தான் இருந்தது.

அக்கா: காலையில் வீடே தெரியவில்லை. துடைப்பம் எங்கே?

தம்பி: துடைப்பமா? இப்போதுதானே வெளிச்சம் வந்திருக்கிறது, இரு, தேடிப் பார்க்கிறேன்.