மீன் கூடுவது வேறு, மீன் பெருகுவது வேறு

எங்கள் ஊருக்கு நேரே, ஒன்பது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) ஆழத்தில் செயற்கைப் பார்களை, அதாவது மீன் ஒதுங்கக் கடலடியில் வைக்கும் கான்கிரீட் அமைப்புகளை, இறக்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் "மீன் பெருகிவிட்டது" என்ற பேச்சு கரையெங்கும் பரவிவிட்டது. அந்த இடத்தில் தூண்டில் போட்டவர்களுக்கு விளமீனும் பாறை மீனும் நன்றாகவே கிடைத்தன. ஏலம் போன கூடைகளை நானும் பார்த்தேன், மகிழ்ந்தேன். ஆனால் முட்டையிலிருந்து வெளிவரும் ஒரு விளமீன், கூடையில் வைத்து விற்கும் அளவுக்கு வளர மூன்று வாரம் போதாது. அங்கே நின்றவை, வேறெங்கோ பிறந்து வளர்ந்து, ஒதுங்க ஓர் இடம் கண்டு வந்து சேர்ந்த மீன்கள்தாம். கூடியதைப் பெருகியதாக எண்ணிப் பிடிக்கத் தொடங்கினால், பரந்த கடலில் தப்பித் திரிந்த மீனையும் ஓரிடத்தில் திரட்டிக் கொடுத்து, விரைவாகத் தீர்க்கிறவர்களாகிவிடுவோம்.

செயற்கைப் பாருக்கு நான் எதிரி அல்லன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தமிழகக் கடலில் பல இடங்களில் இறக்கியிருக்கும் முக்கோண அமைப்பு, கிணற்று உறை போன்ற வளையம், களவா மீனுக்கென்றே துளைகளோடு வார்த்த அமைப்பு ஆகியவை நன்கு யோசித்துச் செய்யப்பட்டவை. கடலுக்குள் போன கான்கிரீட்டின்மேல் சில நாட்களிலேயே நுண்ணுயிர்ப் படலம் வழுவழுப்பாகப் படர்கிறது. அதன்மேல் பாசி பிடிக்கிறது. பிறகு படகின் அடிப்புறத்தில் அப்புகிற அதே ஒட்டுயிர்களும், குழாய்ப் புழுக்களும், சிப்பிகளும், கடற்பஞ்சுகளும் இடம்பிடிக்கின்றன. நங்கூரத்தில் சிக்கி வந்த பழைய கயிறொன்றை ஒருமுறை கரையில் விரித்துப் பார்த்தேன்: விரல் பருமனான கயிறு மணிக்கட்டளவு தடித்திருந்தது, அதன் இடுக்குகளில் நகத்தளவு நண்டுகள் ஊர்ந்தன. ஒரு கயிற்றிலேயே இவ்வளவு உயிர் தங்கும் என்றால், நூற்றுக்கணக்கான கான்கிரீட் அமைப்புகளில் எவ்வளவு தங்கும்? இந்த உணவும் மறைவிடமும் கிடைத்து, குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் உயரும்போதுதான் பெருக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. அதற்கு ஆண்டுகள் தேவை.

பிடிப்பதற்காக அல்லாமல் காப்பதற்காகப் பார் இறக்கியதற்கு மன்னார் வளைகுடாவின் வான் தீவு நல்ல சான்று. 1986-இல் ஏறத்தாழ 16 ஹெக்டேராக இருந்த அந்தத் தீவு, 2014 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பல்லாண்டு காலம் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில், அலையின் வேகத்தைத் தடுத்துவந்த அரண் போய்விட்டது. சென்னை ஐஐடியும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, துளையிட்ட கான்கிரீட் அமைப்புகள் 10,600-ஐ அந்தத் தீவைக் காக்க இறக்கின. அங்கே நோக்கம் தீவைக் காப்பது, பவளம் ஒட்டி வளர இடம் தருவது. மீன் பிடிப்புக்காக இறக்கும் பாரில் அப்படி ஒரு காவல் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

கூட்டிப் பிடிப்பதன் விளைவை அறிய நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை, கணவாய் மீனைப் பார்த்தாலே போதும். தென்னம்பாளைகளைக் கட்டி, மணல் மூட்டையோடு கடலில் இறக்கிக் கணவாய் பிடிக்கும் முறையை நம் குமரி மாவட்டத்து மீனவர்கள் கர்நாடகக் கடல் வரை கொண்டு சென்றார்கள். அதனால் அங்கே சச்சரவும் எழுந்தது. கணவாய் அந்தப் பாளைக்கு வருவது பெரும்பாலும் முட்டையிடத்தான். திராட்சைக் கொத்துபோல முட்டைகளை அதில் ஒட்டவைக்கிறது. நாமோ அந்த வேளையில் தாயைத் தூண்டிலில் எடுக்கிறோம், சில நேரம் முட்டை ஒட்டிய பாளையையும் மேலே இழுத்துப் போட்டுவிடுகிறோம். கணவாயின் வாழ்நாளே ஓராண்டு அளவுதான். முட்டையிடும் வாய்ப்பு அதற்கு ஒரே பருவத்தில்தான் வருகிறது.

களவாவின் கதை இன்னும் நுட்பமானது. களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ச்சியடைந்து, பெரிதான பின்னரே சில ஆணாக மாறுகின்றன. பாரின் பொந்தைத் தன் வீடாக்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும் இந்த மீனைத் தூண்டிலில் எடுப்பது எளிது, பெரியதற்கு விலையும் அதிகம். பெரியவற்றையே தேடி எடுத்துவிட்டால் ஆண்கள் குறைந்துபோய், மிச்சமிருக்கும் பெண் மீன்களின் முட்டைகள் கருவுறாமலே வீணாகும்.

இடத்தேர்வும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தால் வெறும் மணல்தானே என்று தோன்றும். அந்த மணலில்தான் சங்கும் நாக்குமீனும் நண்டும் வாழ்கின்றன. அங்கே பாரை வைத்தால் ஒரு வாழிடத்தை அகற்றி இன்னொன்றை வைக்கிறோம் என்று பொருள். பாரில் கூடும் பெரிய மீன்கள் சுற்றியுள்ள மணற்பரப்பில் இரை தேடி, அங்குள்ள உயிர்களைக் குறைக்கவும் செய்யும். எதைப் போட்டாலும் மீன் வரும் என்ற நம்பிக்கையில் 1972-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையருகே சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கொட்டினார்கள். கட்டுகள் அறுந்து, டயர்கள் நீரோட்டத்தில் உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளப்பாறைகளைச் சிதைத்தன. பிற்காலத்தில் ராணுவ முக்குளிப்போரைக் கொண்டு அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று.

அடிமட்டத்தை வாரிச் செல்லும் இழுவலையை இந்தப் பார்கள் தடுக்கும் என்பது உண்மை, சிறுதொழில் செய்யும் நமக்கு அது பெரிய பாதுகாப்பு. எனினும் பாரில் சிக்கிக் கிழிந்த வலை அங்கேயே கிடந்து, யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். அதை முக்குளித்து அகற்றும் பொறுப்பு யாருடையது என்று எங்கள் ஊரில் இதுவரை எவரும் பேசவில்லை.

நாட்டிலுள்ள 3,477 கடலோர மீனவ ஊர்களிலும் பார் இறக்க வேண்டும் என்ற திட்டம் இருக்கும் இந்த வேளையில், வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கூட்டத்தில் மூன்றை மட்டும் கேட்கப் போகிறேன். பார் இறங்கிய இடத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் தூண்டிலும் வலையும் வேண்டாம். அதன்பின்னும் முட்டையிடும் மாதங்களில் யாரும் அங்கே தொழில் செய்யக் கூடாது. எந்த மீன், எந்த அளவில் கிடைக்கிறது என்று ஏலம் விடும் இடத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த நோட்டை எழுதும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.