சீரம் இல்லாவிட்டால் குருத்தெலும்புச் செல் செத்துவிடுமா?

"மாட்டுக்கரு சீரம் ஊற்றாவிட்டால் குருத்தெலும்புச் செல் செத்துவிடும், சீரம் இல்லாத வளர்ப்பு என்பது வெறும் விளம்பரம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தச் சீரம் என்பது பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிந்த திரவம்; ஆய்வகத்தில் செல் வளர்க்க ஊற்றுவார்கள். அவர் சொல்வது பாதிதான் சரி. செல்கள் வளர்ப்புத் தட்டில் ஒட்டி வேகமாகப் பெருக சீரம் நன்றாகவே உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெருகுவது வேறு, குருத்தெலும்பாகவே இருப்பது வேறு.

தட்டையான தட்டில் சீரத்தோடு பல முறை பிரித்து வளர்த்தால், உருண்டைச் செல்கள் நீண்டு நார்ச்செல் போல ஆகிவிடும். குருத்தெலும்புக்கே உரிய புரதமான 2-ஆம் வகை கொலாஜன் குறைந்து, நார்த்திசுவில் இருக்கும் 1-ஆம் வகை ஏறும். எண்ணிக்கை நிறைய இருக்கும், ஆனால் அது குருத்தெலும்பு இல்லை. இதற்குத் தட்டில் பரவி வளர்வதே முக்கியக் காரணம், சீரம் மட்டும் அல்ல. 1982-இலேயே, இப்படி மாறிய செல்களை அகரோஸ் என்ற கடற்பாசிப் பொருளால் ஆன ஜெல்லுக்குள் விட்டதும் பழைய குணம் திரும்பியதைக் காட்டிவிட்டார்கள்.

சரி, சீரம் இல்லாமல் முடியுமா? முடியும். செல்களை இயந்திரத்தில் சுழற்றிச் சிறு உருண்டையாக்கி, இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின் (இரும்பைச் சுமக்கும் புரதம்), செலினியம், வைட்டமின் சி, டெக்ஸாமெத்தசோன் (ஒரு ஸ்டீராய்டு), கூடவே டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம், இவை கலந்த திரவத்தில் வளர்க்க வேண்டும். 1998-இல் முயலின் எலும்பு மஜ்ஜைச் செல்களிலிருந்து குருத்தெலும்பு உருவாக்கியது இந்த வழியில்தான். இன்றும் ஆய்வகங்களில் வழக்கமான முறை இது.

அப்புறம் இன்னொன்று. "சீரம் இல்லாதது" என்றால் விலங்குப் பொருளே இல்லை என்று கீழே ஒருவர் மகிழ்ந்திருக்கிறார். அவசரப்பட வேண்டாம், பல கலவைகளில் மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமின் இருக்கும். புட்டியின் லேபிளைப் பாருங்கள்.