நாடி பார்த்ததும் எனக்கு, கசாயம் குடித்ததும் நான்

போன வாரம் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்கள் போய்வந்த அந்தச் சின்சேயின் எண் வேண்டும்." அவ்வளவுதான். எதற்கென்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அவளுக்குக் கல்யாணமாகி நான்கு ஆண்டு ஆகிறது. தீபாவளிக்குத் தீபாவளி "ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்வி. எனக்குத் தெரியாத கதையா?

எண் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு மட்டும் பதில் எழுதினால் உபதேசம் போலாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

சிங்கப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சின்சே என்றால் சீன மருத்துவர். இங்கே அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளான வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை, முடிதிருத்தகம், அடுத்தாற்போல் சீன மருந்துக் கடை என்பது சாதாரணக் காட்சி. 2000ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. பதிவு பெறாதவர் சீன மருத்துவம் பார்ப்பது குற்றம். ஆகவே நான் ஏதோ சந்துக்குள் போய் மந்திரித்துக்கொண்டு வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். சான்றிதழ் சுவரில் தொங்கியது.

என்னை அழைத்துப் போனவர் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி. சின்சே ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூன்று விரல்களை என் மணிக்கட்டில் வைத்து, முதலில் ஒரு கை, பிறகு மறு கை என்று நெடுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம், மலம், வியர்வை, மாதவிலக்கில் வரும் உதிரத்தின் நிறம், கட்டி கட்டியாக வருகிறதா, பாதம் சில்லிடுகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம். அதுவரை எந்த மருத்துவரும் என் பாதத்தைப் பற்றிக் கேட்டதில்லை. வெளியே வரும்போது பாதி குணமாகிவிட்டது போலிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தைக் கேலி செய்ய இன்றைக்கும் எனக்கு மனம் வராது.

கண்டுபிடித்துச் சொன்ன காரணம்தான் வேடிக்கை. கருப்பை குளிர்ந்திருக்கிறதாம். ஐஸ் தண்ணீர் கூடாது, தர்பூசணி கூடாது, வெள்ளரி கூடாது, இளநீர் கூடவே கூடாது. எங்கள் வீட்டில் அத்தையோ "உனக்குச் சூட்டு உடம்பு, அதனால்தான் தங்கவில்லை" என்று சொல்லித் தேக்கா சந்தையிலிருந்து நாளுக்கு ஓர் இளநீர் வாங்கி வந்து கொண்டிருந்தார். ஒரே வயிறு. மாமியாருக்கு அது அடுப்பு, சின்சேக்கு அது குளிர்பெட்டி. இரண்டு பேருமே என் நன்மைக்காகத்தான் சொன்னார்கள். காலையில் இளநீரும் மாலையில் இஞ்சித் தேநீரும் குடித்து இரண்டு மரபுக்கும் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

முதலில் தந்தது நான்கு பொருள் கசாயம். தாங்குவெய் வேர், வெள்ளைப் பியோனி வேர், சுவான்சியோங் கிழங்கு, பலமுறை அவித்துக் கறுக்க வைத்த ரெமேனியா வேர். கடைசியில் சொன்னது கருப்பட்டிப் பாகு போலப் பிசுபிசுக்கும். சோங் அரச காலத்து அரசு மருந்தகத்தின் மருத்துவ நூலிலேயே இந்தக் கசாயம் இருக்கிறது. ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுப் பழக்கம். மண்சட்டியில் மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒன்றாக வற்றவிட வேண்டும். நம் வீட்டுக் கசாயக் கணக்குத்தான், வாசனைதான் வேறு. ஆன்ட்டியின் வீட்டுக்கு அது கோழி சூப்பின் மணம். எங்கள் வீட்டுக்கு மழையில் நனைந்த சாக்கு.

எட்டு மாதம் குடித்தேன். தினமும் காலையில் எழுந்ததும் உடல் வெப்பத்தை அளந்து கட்டம் போட்ட தாளில் குறித்தேன். வாரத்துக்கு எண்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், போனது. தள்ளித் தள்ளி வந்த மாதவிலக்கு, நாலாவது மாதம் முதல் 29 நாளுக்கு ஒருமுறை என்று ஒழுங்குக்கு வந்தது. கசாயத்தாலா, இரவு பதினொரு மணிக்குள் தூங்கச் சொன்னதாலா, ஐந்து கிலோ குறைந்ததாலா, தெரியாது. நான் கசாயத்துக்கே பெருமை கொடுத்தேன். அரச மரத்தைச் சுற்றியதும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் கதைதான். ஒவ்வொரு மாதமும் 27ஆம் நாள் பரிசோதனைக் குச்சியை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது தடவை போனபோதே சின்சே கேட்டார், "உன் கணவரை எப்போது அழைத்து வருவாய்? நிலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா?" வீட்டில் வந்து சொன்னேன். "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றார் அவர். அடுத்த முறை சின்சே அவருக்கென்று ஒரு புட்டி மாத்திரை கொடுத்தனுப்பினார். வூ ட்ஸு யான் ட்ஸோங் வான். வம்சம் தழைக்க ஐந்து விதை என்பதாகப் பொருள் சொன்னார். கோஜி, சீன ராஸ்பெரி, ஐந்து சுவைப் பழம் என்று ஐந்து செடிகளின் பழமும் விதையும். ஆணுக்கென்றே அந்த மரபில் இருக்கும் பழைய மருந்து. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபூ சிங்சூ பெயரில் பெண்களுக்கொரு மருத்துவ நூலும் ஆண்களுக்கொரு நூலும் உண்டு. அந்த மரபுக்கு ஆண் என்று ஒருவன் இருப்பது நன்றாகத் தெரியும். தெரியாதது எங்கள் வீட்டுக்குத்தான். புட்டி அலமாரியில் ஏறி உட்கார்ந்தது. என் சட்டி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

2022இல், அழுது சண்டையிட்டு, விந்துப் பரிசோதனைக்கு அவரை இழுத்துப் போனேன். ஒரு மில்லிலிட்டருக்கு 40 லட்சம் விந்தணுக்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். கொஞ்ச நேர வேலை, ஒரு சின்னக் குப்பி. அதைச் செய்யாமல் எட்டு மாதம் நான் என் கருப்பையைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது 35 வயது. அந்த வயதில் எட்டு மாதம் என்பது கசாயச் செலவைவிடப் பெரிய செலவு.

சீன மருத்துவமே பொய் என்று சொல்ல வருகிறேனா என்றால், இல்லை. அதை உரசிப் பார்த்தவர்களில் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் உண்டு. ஹார்பின் நகரத்து ஆய்வாளர்கள் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 644 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை, இன்னொன்றுக்கு ஹுவாங் லியன் வேரில் கிடைக்கும் பெர்பெரின், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். 2016இல் முடிவு வெளியானது. லெட்ரோசோல் குழுவில் 36 சதவீதப் பெண்களுக்குக் குழந்தை பிறந்தது, இரண்டும் எடுத்தவர்களில் 34, பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22. மூலிகைச் சத்தைக் கூடச் சேர்த்ததால் ஒன்றும் கூடவில்லை. தம் மரபின் மருந்தைத் தாமே சோதித்து, கிடைத்ததை மறைக்காமல் அச்சிட்ட அவர்கள்மீது எனக்கு மரியாதை கூடியது. அதே ஆண்டு, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, இதே பிரச்சினைக்கான சீன மூலிகைகள் பற்றி ஐந்து சோதனைகளை, மொத்தம் 414 பெண்களை, அலசிவிட்டு, உதவும் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது. குழந்தை பிறந்ததா என்பதை அந்த ஐந்தில் ஒன்றுகூடப் பதிவு செய்யவில்லை. மாதவிலக்கு சீரானதையே வெற்றியாக எண்ணி மகிழ்ந்த எனக்கு அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

"மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்ற பேச்சுதான் எனக்கு ஆகாது. அந்தப் பெர்பெரினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மரமஞ்சளில் இருப்பதும் அதுதான். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சிளங் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றக் காரணமாகிறது என்று சிங்கப்பூர் 1978இல் அதைத் தடை செய்தது. 2013இல்தான் தடை தளர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் கலந்துவிட்டது. அந்த இனம் நமக்கு அந்நியமில்லை. ஆடுதின்னாப்பாளை அதே குடும்பந்தான். ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள் நம் ஆட்கள். இன்னும் ஒன்று: மூட்டுவாதத்துக்குத் தரும் லெய் குங் தெங் கொடி விந்தணுவைக் குறைக்கக்கூடியது. ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகுமா என்றே அதைச் சீனாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். கணவருக்கு மூட்டுவலி என்று யாராவது அதைக் குடித்துக்கொண்டிருந்தால் மனைவி குடிக்கும் கசாயத்துக்கு என்ன பலன்?

நானும் ஒரு தப்பு செய்தேன். செயற்கைக் கருத்தரிப்புக்குப் போனபோது, "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். திட்டுவாரோ என்ற பயம். தாங்குவெய் இரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகளோடு சேர்ந்தால் இரத்தப்போக்கைக் கூட்டலாம். முட்டையெடுப்பதோ ஊசியால் குத்திச் செய்யும் காரியம். இரண்டாம் முறைதான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லிக் கோப்பில் எழுதிக்கொண்டார்.

ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில், இரண்டாவது முயற்சியில், மகள் பிறந்தாள். எதிர்வீட்டு ஆன்ட்டி அவளைக் கொஞ்சும்போதெல்லாம் "தாங்குவெய் பேபி" என்கிறார். அத்தை வடபத்திர காளியம்மனுக்குப் பால்குடம் எடுத்துவிட்டு வந்தார். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி முன் குனிந்து உட்கார்ந்து ஊசி பிடித்தவர் யாரென்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஐந்து விதைப் புட்டி முத்திரை உடையாமல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. தூசு தட்டும்போது தேதியைப் பார்த்தேன், காலாவதியாகிவிட்டது.

தோழிக்குச் சின்சேயின் எண்ணை அனுப்பிவிட்டேன். நல்ல பெண்மணி, முக்கால் மணி நேரம் காது கொடுப்பார், என் பெயரைச் சொல்லலாம். அதற்குக் கீழே, "அவருக்குப் பரிசோதனை எடுத்தாயிற்றா?" என்று கேட்டிருந்தேன். இரண்டு நீல டிக் விழுந்தது. மூன்று நாளாகிறது, பதில் இன்னும் வரவில்லை.