அந்த இருபது நொடி

வலிப்பு பற்றிய ஒரு கட்டுரையில் 'எங்கோ வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாக இருக்கலாம்' என்ற வரியை மூன்று முறை படித்தேன். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இரண்டு வருடமாக மாதத்தில் ஒன்றிரண்டு தடவை, கொஞ்ச நேரம் நினைவு அப்படியே காணாமல் போகிறது. விழுவதில்லை, நுரை தள்ளுவதில்லை. கண் திறந்தேதான் இருக்குமாம்; வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, துணி ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருப்பேனாம். எனக்குத் தெரிவதெல்லாம், கழுத்துத் தையல் கோணிப் போயிருப்பது மட்டும்தான். "என்ன கண்ணு, ரெண்டு தடவ கூப்புட்டனே" என்பார் பக்கத்து மெஷின் அக்கா.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனை எடுத்தோம். நார்மல். 'அப்புறமென்ன, டென்ஷன்தான்' என்று வீட்டில் முடித்துவிட்டார்கள். அரை மணி நேரப் பதிவில் அந்த நேரம் பார்த்து வந்தால்தானே தெரியும்? நார்மல் என்றால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. கட்டுரையில் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். கோவையில் பார்த்த நரம்பியல் டாக்டர், ராத்திரி தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்து மறுபடி எடுக்கச் சொன்னார். அந்த மாதிரி நினைவு போகும்போது செல்போனில் வீடியோ எடுக்கவும் சொன்னார். இன்னும் இதுதான் என்று பெயர் வைக்கவில்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். அவிநாசியிலிருந்து கம்பெனி பஸ்தான். லைசென்ஸ் படிவத்திலேயே வலிப்பு, திடீர் நினைவிழப்பு உண்டா என்று கேட்கிறார்களே.

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், 'வலிப்பு' என்று வெளியே சொல்லாதே என்கிறார் அம்மா. சரி என்று தலையாட்டினேன். ஆனால் பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்லிவிட்டேன். வீடியோ எடுக்க ஆள் வேண்டுமே.