ஒரு டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் கருணைக்கொலைதானா?

பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, சில சமயம் ரத்தப் புற்றுநோயும் வரவைக்கும் வைரஸ்தான் லுகேமியா வைரஸ். "லுகேமியா வைரஸ் பாசிட்டிவ் வந்துவிட்டால் பூனையைக் கருணைக்கொலை செய்வதுதான் ஒரே வழி" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. இதை நம்பி யாராவது அவசரப்பட்டால், இன்னும் சில வருடம் நன்றாக வாழக்கூடிய பூனை போய்விடும்.

முதலில் டெஸ்ட். கிளினிக்கில் சில நிமிடங்களில் செய்யும் ரத்தப் பரிசோதனை, வைரஸின் பி27 புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. அது தவறாகவும் பாசிட்டிவ் காட்டலாம். சில பூனைகளின் உடலே வைரஸை அடக்கிவிடும். சில வாரம் கழித்துப் பார்த்தால் அதே பூனைக்கு நெகட்டிவ் வரும். அதனால் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) போன்ற இன்னொரு பரிசோதனையில் உறுதிசெய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஆரோக்கியமாக ஓடியாடும் பூனை என்றால் இது இன்னும் முக்கியம்.

சரி, உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வைரஸை முழுதாக ஒழிக்கும் மருந்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே வைத்து, கருத்தடை செய்து, பச்சை இறைச்சி கொடுக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டி, வேறு தொற்று வந்தால் உடனே சிகிச்சை தந்தால் பல பூனைகள் வருடக்கணக்கில் நன்றாக இருக்கின்றன.

அப்புறம், இது மனிதர்களுக்குத் தொற்றாது. எச்சில் வழியாக மற்ற பூனைகளுக்குப் பரவும். அதனால் வீட்டிலுள்ள மற்ற பூனைகளையும் பரிசோதித்து, நெகட்டிவ் என்றால் தனியே வைத்துத் தடுப்பூசி போடுங்கள். ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு அந்த ஊசியால் பயனில்லை.